வழிகாட்டுங் கருவியும் வழிச்செல்வோன் கடமையும்

அறியாத நாட்டிற் செல்வானொருவன் அறிந்துகொள்ள வேண்டுவன மூன்று. தான் நிற்கும் இடம் யாது என்பது ஒன்று. தான் சேரவேண்டும் இடம் யாது என்பது ஒன்று. அவ்விரண்டற்கும் இடைப்பட்ட நெறி செல்லத்தக்கதோ அன்றோ என்பது ஒன்று. முன்னாளில் வழிச்செல்வோர் இம்மூன்றனையும் விண்மீன்களை நோக்கியும், கைகாட்டி மரங்களைப் பார்த்தும், எதிர்ப்பட்டாரை வினவியும் அறிந்துவந்தனர். மொழி தெரியாத நாட்டில் வினவுதல் அரிது; வினவினும் விடையை விளங்கிக்கொள்ளுதல் அதனினும் அரிது. இந்நாளில் அவ்விடர்ப்பாடு பெரும்பாலும் நீங்கியது. மோட்டார் வண்டியிலோ கைப்பேசியிலோ அமைந்த ஜி.பி.எஸ். என்னும் வழிகாட்டுங் கருவி, ஓட்டுவோன் தாய்மொழியிலேயே, "வலப்புறம் திரும்புக, இடப்புறம் திரும்புக" என்று உரைத்துக்கொண்டே வருகின்றது. எழுத்தும் படிக்கவியலாத நாட்டில், நள்ளிரவில், ஒருவரையும் எழுப்பாமல் ஒருவன் தான் தங்கவேண்டிய விடுதியின் வாயிலை அடைந்துவிடுகின்றான்.

இதனால் விளையும் நன்மை மிகப் பெரிது. அதனை இல்லையென்பார் நன்றி மறந்தோரேயாவர். ஆயினும் அந்நன்மையோடு ஒட்டி ஒரு வினாவும் எழுகின்றது. கருவி கூறுவதும் கண் காண்பதும் தம்முள் மாறுபட்டவிடத்து எதனைத் துணிந்து கொள்வது? கருவியின் சொல்லைக் கொண்டு சென்றதனால் தீங்கு விளையுமாயின் அத்தீங்கின் பொறுப்பு யாரைச் சாரும்? இவை வண்டியோட்டுவார்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. பிறர் சொல்லை எவ்வளவிற் கொள்ளலாம் என்னும் அளவை ஆராய்ச்சியும், தன் செயற்குத் தானே கடவன் ஆதல் என்னும் ஒழுக்க ஆராய்ச்சியும் இவற்றுள் அடங்கிக் கிடக்கின்றன. ஆதலின் இவை ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண், இக்கருவி தோன்றிய வரலாறு சுருங்கக் கூறப்படும். அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் படைகளின் பயன்கருதி 1973-ஆம் ஆண்டில் இம்முறையை வகுக்கத் தொடங்கிற்று. இதற்குரிய முதற் செயற்கைக்கோள் 1978-இல் விண்ணிற் செலுத்தப்பட்டது. 1995-இல் இருபத்துநான்கு கோள்களோடு இவ்வமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்கள் பெறுங் குறிப்பு வேண்டுமென்றே பிழைபடுத்தப்பட்டு வந்தமையால், அவர்கள் தம் இடத்தை நூறு மீட்டர் அளவிற்றான் அறியக்கூடியதாயிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அதன்பின்னரே வண்டிகளில் இக்கருவி பெருவழக்காயிற்று.

இது பொதுமக்கட்குத் திறந்துவிடப்பட்டதற்கு ஒரு துயர நிகழ்ச்சியும் காரணமாயிற்று. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், நியூயார்க்கினின்றும் அலாஸ்கா வழியாகச் சியோல் நகர்க்குச் சென்ற தென்கொரிய வானூர்தியொன்று, தன் நெறியினின்றும் விலகிச் சோவியத்து நாட்டு வான்பரப்பிற் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதனுட் சென்ற 269 பேரும் மாண்டனர். அம்மாதமே அமெரிக்கத் தலைவர் ரேகன், ஜி.பி.எஸ். அமைப்பு நிறைவுற்றபின் எந்நாட்டுப் பொதுமக்களும் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கச் செய்தார். வழி தவறுதலைப் போக்குவதற்கே இக்கருவி உலகிற்கு வழங்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

ஆனால் அவ்வானூர்தி வழி தவறியது எங்ஙனம்? பன்னாட்டு வானூர்திக் கழகம் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவுறுத்துகின்றது. அவ்வூர்தியில் வழிகாட்டுங் கருவிகள் இல்லாமலில்லை. அவை நன்னிலையிலேயே இருந்தன. தானே இயங்கும் செலுத்துகருவி, வழியறி கருவியோடு இணையாமல், ஒரே திசையை நோக்கிச் செல்லும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. ஓட்டுநர் தம் ஊர்தி சரியான நெறியிலேயே செல்கின்றது என்று எண்ணியிருந்தனர். ஐந்து மணி நேரத்திற்கு மேலாகியும் அவ்வெண்ணத்தை வேறொன்றனோடு ஒத்துநோக்கித் தெளிந்திலர். கருவியின்மையால் விளைந்த கேடன்று அது. கருவி தன் வேலையைச் செய்கின்றதென்று ஆராயாது அமைந்தமையால் விளைந்த கேடு. அக்கேட்டினைத் தீர்க்க உலகிற்கு இன்னொரு கருவி கிடைத்தது. ஆராயாமை என்னும் மூலநோயோ அக்கருவியாலும் தீர்ந்திலது என்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

இனி, இக்கருவி தொழிற்படும் முறையினை நோக்குவாம் எனப் புகுவார்க்கு ஒரு வியப்பு உண்டாகும். நிலத்தினின்றும் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்கு இருமுறை உலகைச் சுற்றும் கோள்கள், "இஃது என் இடம், இது நேரம்" என்னும் இரண்டு செய்திகளையே இடையறாது ஒலிபரப்புகின்றன. வண்டியிலுள்ள கருவி அவற்றைக் கேட்கின்றது. செய்தி வந்துசேரக் கழிந்த காலத்தைக் கொண்டு ஒவ்வொரு கோளின் தொலைவையும் கணிக்கின்றது. நான்கு கோள்களின் தொலைவு தெரிந்தால் தன் இடம் இன்னதெனத் துணிகின்றது. ஒளி ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வதாகலின், காலக்கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும் இடம் முந்நூறு மீட்டர் பிழைபடும். அத்துணை நுட்பம் வாய்ந்த கடிகாரங்கள் அக்கோள்களில் உள்ளன. ஆயின், அக்கோள் பாதையொன்று உண்டு என்பதை அறியாது; ஆறு உண்டு என்பதை அறியாது; தன்னைக் கேட்பானொருவன் உளன் என்பதையும் அறியாது.

அற்றேல், "இடப்புறம் திரும்புக" என்று கூறுவது யார்? இங்குத்தான் வழிச்செல்வோன் மயங்குமிடம் உள்ளது. அவன் செவியில் விழும் குரல் ஒன்று. அக்குரலினுள் அடங்கிய அறிவுகளோ மூன்று. நிற்குமிடம் இன்னதென்பது விண்கோளால் வந்த அறிவு. இவ்விடத்தில் இன்ன பாதை உண்டென்பது, என்றோ ஒருநாள் யாரோ சிலர் தொகுத்த நிலப்படத்தால் வந்த அறிவு. பல பாதைகளுள் இது செல்க என்பது கணக்கினால் வந்த அறிவு. அக்கணக்கின் மூலமுறையை டச்சு நாட்டறிஞர் டைக்ஸ்ட்ரா 1956-இல் வகுத்தார். ஊர்களைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் கொண்டு, கோடுகளுக்கு இட்ட எண்களைக் கூட்டிக் குறைந்த தொகை வருவதைத் தேர்தலே அம்முறை. இந்நாளைய கருவிகள் அம்முறையையும் அதன் வழிவந்த பிற முறைகளையும் கையாளுகின்றன. சேறும் பனியும் மணற்சரிவும் அக்கணக்கினுள் எண்ணாக இடப்பட்டாலன்றி அதற்கு அவை இல்பொருளேயாம்.

முதலறிவு வானந் திறந்த இடத்தில் ஐந்து மீட்டர் அளவிற்குத் திருந்தியது. இரண்டாமறிவு இடத்திற்கு இடம் வேறுபடும். நகரங்களில் மிகத் திருந்தியும், பாலையிலும் மலைக்காட்டிலும் பெரிதும் குறையுடையதாயும் இருக்கும். மூன்றாமறிவு இரண்டாவதனைப் பற்றி நிற்பது. அது பிழையாயின் தானும் பிழைபடும். இவ்வாறு தகுதியால் வேறுபட்ட மூன்றும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு, ஒரே தொனியில் வெளிப்படுகின்றன. முதலறிவினால் ஈட்டிய நன்மதிப்பை மற்றையிரண்டும் தமக்கு உரியதுபோலப் பெற்றுக்கொள்ளுகின்றன. தன் இடத்தை இம்மியும் பிசகாமற் காட்டும் கருவி, தான் செல்லவேண்டிய வழியையும் அங்ஙனமே பிசகாமற் காட்டும் என்று வழிச்செல்வோன் துணிந்துவிடுகின்றான். இத்துணிவே திரிபுணர்ச்சியாகும்.

அளவை நூலார் முறையில் இதனை வைத்து நோக்கின் இன்னும் தெளிவாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் அளவைகள் பத்தெனக் கூறுவார் கொள்கையை எடுத்தோதி, அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமெனத் துணிந்தனர். இம்மூன்றனுள் வழிகாட்டுங் கருவி கூறுவது உரையின்பாற்படும். உரையளவை ஆவது எவன் உரை? உள்ள பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்ததை மறையாது கூறும் வாய்மையுடையவனும் ஆகிய ஆப்தன் உரையேயாம். கருவியினிடத்துப் பொய்யில்லை, வஞ்சனையில்லை, பொருள் வேண்டி வழிமாற்றும் கள்வர்தம் இயல்பும் இல்லை. ஆகவே ஆப்தனுக்குரிய இலக்கணங்களுள் வாய்மை என்பது அதன்கண் ஒருவாறு அமைந்துள்ளது. அறிந்தவன் என்னும் மற்றொன்றோ அமைந்திலது. அப்பாதையில் அது நடந்ததில்லை, நடந்தாரைக் கண்டதுமில்லை. பொய்யாமை ஒன்றே பற்றி ஒருவன் சொல் அளவையாகிவிடாது. பொய்யாதவனும் அறியாதவனாயின் அவன் சொல் வழிகெடுக்கும்.

பத்து அளவைகளுள் ஐதிகம் என்பதொன்று எண்ணப்பட்டது. "இவ்வாலமரத்திற் பேயுண்டு" என்று, முதற்கட் சொன்னார் இன்னார் என்று அறியப்படாமல், வழிவழிச் சொல்லப்பட்டு வருவதனை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். நிலப்படத்திலுள்ள சில பாதைகளும் இத்தன்மையவே. அமெரிக்கக் கலிபோர்னியா நாட்டிற் சாப்பள்ளத்தாக்கு என்னும் பொருள்படும் பெயருடைய பெரும்பாலையொன்று உண்டு. அங்கே நெடுநாளைக்கு முன் சுரங்கத் தொழிலாளர் செய்து, பின்பு கைவிடப்பட்டு மறைந்தொழிந்த பாதைகள், பழைய படங்களினின்றும் புதிய கருவிகளிற் புகுந்து, உள்ள பாதைகள்போலத் தோன்றின. முதலில் எழுதினார் யார், பின்பு சரிபார்த்தார் யார் என்பது பயணிக்குத் தெரியாது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அப்பாலையில் கருவியைத் துணைக்கொண்டு சென்ற தாயொருத்தியின் வண்டி மணலிற் புதைந்தது. ஐந்து நாட்களின்பின் அவள் உயிரோடு காணப்பட்டாள். அவளுடன் சென்ற ஆறு வயதுச் சிறுவன் வெப்பந் தாங்காது மாண்டு கிடந்தான். இத்தகைய சாவுகளை அங்குள்ள காவலர் "ஜி.பி.எஸ். சாவு" என்றே பெயரிட்டு வழங்கலாயினர்.

ஆஸ்திரேலியாவிலும் இத்தகையது நிகழ்ந்தது. விக்டோரியா மாநிலத்து மில்டுரா என்னும் ஊரைத் தேடிச் சென்றோர் சிலர், கைப்பேசியிலிருந்த நிலப்படத்தின் பிழையால், அவ்வூர்க்கு எழுபது கிலோமீட்டர் அப்பாலுள்ள வறண்ட காட்டினுட் கொண்டுசெல்லப்பட்டனர். வெப்பம் 46 பாகை வரை ஏறக்கூடிய, நீரற்ற இடம் அது. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நாட்டுக் காவல் துறையினர் வெளிப்படையாக எச்சரிக்கை செய்தபின்னரே படம் திருத்தப்பட்டது.

மேற்கூறியவை கருவியின் உரையிலுள்ள குற்றத்தால் வந்தவை. கேட்பான் குற்றத்தால் வருவனவும் உள. 2009-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் தம்பதியர் இத்தாலியிலுள்ள காப்ரி என்னும் தீவைக் காணப் புறப்பட்டுக் கருவியில் எழுத்து முறைமாற்றிக் கார்ப்பி எனப் பதிந்தனர். கருவி அவர்களை வடஇத்தாலியில் உள்நாட்டிலிருக்கும் கார்ப்பி என்னும் தொழில்நகர்க்குப் பிழையின்றிக் கொண்டுசேர்த்தது. அவர்கள் அங்குள்ள அலுவலகத்திற் புகுந்து காப்ரித் தீவின் புகழ்பெற்ற நீலக்குகை யாண்டுளது என்று வினவினராம். தீவிற்குச் செல்வோர் கடலைக் கடவாமற் செல்லுதல் இயலாது என்பது கருதலளவையால் எளிதிற் பெறப்படுவதொன்று. ஊரறியாதவனும் அதனை அறிவான். எனினும் குரலொன்று உடன்வரும்போது கருதல் உறங்கிவிடுகின்றது.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐஸ்லாந்து நாட்டில் இறங்கிய அமெரிக்கப் பயணியொருவர்க்கு நேர்ந்ததும் இவ்வாறே. ரெய்க்யவிக் நகரத்து லௌகவேகூர் என்னுந் தெருவிலுள்ள விடுதிக்கு அவர் செல்லவேண்டியிருந்தது. அவர் கொண்டிருந்த முகவரியில் ரகர எழுத்தொன்று மிகையாக இருந்தது. அம்மிகையெழுத்துடைய பெயரோடு நாட்டின் வடகோடியிலுள்ள சிக்லுஃபியோர்தூர் என்னும் மீனவரூரில் வேறொரு தெரு உண்டு. ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய செலவு, பனிபடர்ந்த சாலையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீண்டது. ரெய்க்யவிக் நகரைக் காட்டும் சாலைப்பலகைகள் வேறு திசையைச் சுட்டின, அவரும் ஐயுற்றார், ஆயினும் கருவியை நம்பிச் சென்றார். அவ்வூரார் அன்புடன் வரவேற்றமையால் அது நகைப்பிற்குரிய கதையாய் முடிந்தது. வினா பிழைத்தால் விடையும் பிழைக்கும். அவ்விடையைச் சொன்னவன்மேற் குற்றமில்லை.

காண்டலளவையே கண்முன் மறுத்துநின்றும் உரையைப் பற்றிச் சென்றாரும் உளர். 2012-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானிய மாணவர் மூவர், ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் அருகே, வட ஸ்டிராட்புரோக் தீவிற்குச் செல்ல விரும்பிக் கருவி காட்டியவாறே வாடகை வண்டியைக் கடற்சேற்றினுட் செலுத்தினர். கடல் வற்றியிருந்த நேரமாகலின் சிறிது தூரம் நிலம்போலத் தோன்றிற்று. பின்பு சக்கரம் புதைந்தது. கடல் பெருகி வந்தது. வண்டியைக் கைவிட்டுக் கரையேறினர். கருவியின் படத்தில் இடைப்பட்ட நீர் காட்டப்படவில்லை. அவர்கள் கண்ணிலோ அது பட்டது.

இவையெல்லாவற்றினும் ஆழ்ந்து ஆராயத்தக்கது, 2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கனடா நாட்டுத் தம்பதியர்க்கு நேர்ந்த துன்பமாகும். அறுபதை அணுகிய வயதினராகிய அவ்விருவரும் தம் நாட்டினின்றும் அமெரிக்காவிலுள்ள லாஸ் வேகாஸ் நகர்க்கு வண்டியிற் சென்றனர். நெவாடா மாநிலத்தின் வடகிழக்கில், பெருஞ்சாலையை விட்டுக் குறுக்கு வழியொன்றனை நாடினர். கருவியும் அதனைக் காட்டிற்று. அது மலைக்காட்டுப் பாதை. செல்லச்செல்லப் பாதை குறுகிற்று, சேறு மிகுந்தது, வண்டி அசையாது புதைந்தது. மூன்று நாள் காத்திருந்தும் வருவார் ஒருவரும் இலர். கணவர் உதவி தேடிக் காலால் நடந்து சென்றார். மனைவியார் சிறிதளவு தின்பண்டத்தையும் பனியுருகிய நீரையும் கொண்டு உயிர் தாங்கி, ஏழு வாரங் கழித்து அவ்வழிவந்த வேட்டையாளராற் காணப்பட்டுப் பிழைத்தார். கணவர் திரும்பவில்லை. அவரது உடலின் எஞ்சிய பகுதி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டின்பின் மலையிற் கண்டெடுக்கப்பட்டது.

இங்கே நிலப்படம் பொய் கூறிற்றில்லை. அப்பாதை உண்மையிலேயே உண்டு. கோடையில் அதிற் செல்வாரும் உளர். பனிக்காலம் கழியாத மார்ச்சு மாதத்தில் அது செல்லத்தக்கதன்று என்பதே படம் கூறாதொழிந்தது. ஓர் உரை இடத்தாற் பொய்யாகாதிருந்தும் காலத்தாற் பொய்யாதல் கூடும் என்பது இதனால் அறியப்படும். இத்தம்பதியரைப் பேதையர் என இகழ்தல் பெருந்தவறு. அன்னார் நிலையில் நின்றோர் பலரும் அங்ஙனமே செய்திருப்பர். பாதை திடீரெனக் கெடுவதில்லை. சிறிதுசிறிதாகவே கெடுகின்றது, ஒவ்வொரு வளைவிலும், "இன்னுஞ் சிறிது தூரமே, அப்பால் நல்ல சாலை வரும்" என்னும் நசை முன்னிழுக்கின்றது, வந்த தூரம் வீணாகுமே என்னும் எண்ணம் திரும்பவொட்டாது தடுக்கின்றது. கருவியோ சேருமிடம் அணுகுகின்றது என்றே காட்டிக்கொண்டிருக்கும். மனத்தின் இந்நசைக்குக் கருவியின் குரல் சான்றாகி நிற்பதே கேட்டிற்கு மூலம்.

ஈண்டு ஓர் ஆசங்கை எழும். "அறியாத நாட்டிற்குச் செல்வானுக்குத் தன்னறிவு என்பது யாது? அறிவிருந்தால் அவன் கருவியை நாடவேண்டுவதில்லை. அறிவில்லாதான் அறிவுரையைச் சோதித்தல் எங்ஙனம் கூடும்?" என்பாருளர். அவர்க்கு விடை: ஊரை அறியாமை வேறு, யாதும் அறியாமை வேறு. தீவிற்கும் தனக்கும் இடையே கடலுண்டென்பதும், ஒரு மணி நேரத்து வழி ஆறு மணி நேரமாக நீளாதென்பதும், ஓடுபாதையிற் சக்கரச்சுவடு இல்லையாயின் அதனிற் செல்வார் இல்லையென்பதும் எந்நாட்டிற்கும் பொதுவாகிய அறிவுகள். நோயாளி மருத்துவநூல் கல்லாதவனே. ஆயினும் மருந்துண்டபின் நோய் மிகுகின்றதென்பதைத் தான் உணர்வான். உணர்ந்ததைச் சொல்லவும் வேண்டும். உரையை ஆக்குதற்குத்தான் அவனுக்கு அறிவில்லை, ஒத்துநோக்குதற்கு உண்டு.

"கப்பலிற் செல்வோர் மீகாமனை நம்பியன்றோ செல்கின்றனர்? அவர்கள் ஒவ்வோர் அலைக்கும் அவனை வினவுகின்றனரோ?" எனின், அற்றன்று. மீகாமன் தானும் அக்கலத்திலேயே உள்ளான். கலம் மூழ்கின் அவனும் மூழ்குவான். ஆகலின் ஐயமுற்றபோது அவன் தானே அஞ்சுவான், அஞ்சுதலால் ஆராய்வான். வழிப்போக்கர்க்கு வழிகூறும் ஊரானும், "மழை பெய்திருக்கின்றது, அப்பாலத்தில் இப்போது செல்லவியலாது" என்றோ, "எனக்குத் தெரியாது, அடுத்த கடையிற் கேளுங்கள்" என்றோ கூறுவான். கருவி அஞ்சுவதில்லை, தனக்குத் தெரியாது என்றும் பெரும்பாலும் கூறுவதில்லை. விளைவைத் தாங்குவான் அதனுள் ஒருவனும் இலன். ஆகவே ஏனை வழிகாட்டிகளிடத்திற் பிறர்பாற் பகிரப்பட்டிருந்த அச்சமும் ஆராய்ச்சியும், இக்கருவியைக் கொண்டவிடத்து ஓட்டுவோன் ஒருவன்மேலேயே வந்து பொருந்துகின்றன. கருவி வந்தமையால் அவன் கடமை குறைந்தது என்பது தவறு. உழைப்புக் குறைந்தது, கடமையோ மிகுந்தது. ஆசிரியனைக் கொள்ளுதற்கும் நல்லாசிரியன் இலக்கணமும் ஆசிரியன் ஆகாதான் இலக்கணமும் நன்னூல் விரித்துக் கூறுமாயின், கருவியைக் கொள்ளுதற்கு ஆராய்ச்சி வேண்டாவென்பது யாங்ஙனம் பொருந்தும்?

தீங்கின் பொறுப்பு யாரைச் சாரும் என்னும் வினாவிற்கும் இதனால் விடை கிடைக்கும். படத்தைத் தொகுத்து விற்பார்க்குப் பொறுப்பில்லை என்பது கருத்தன்று. மறைந்த பாதையை உள்ளதெனக் காட்டுவோரும், பிழை எடுத்துக்காட்டப்பட்டும் திருத்தாதாரும் குற்றத்தில் நீங்கார். ஆயினும் அவர் பொறுப்பு ஓட்டுவோன் பொறுப்பை நீக்கிவிடுவதன்று. சக்கரத்தைத் திருப்பியது அவன் கை. முன்னே கண்டது அவன் கண். "கருவி கூறிற்று, யான் செய்தேன்" என்பது செய்தான் ஒருவன் தன்னைச் செயப்படுபொருளாக்கிக் கொள்ளும் சொல்லாகும். அறிவுடைய ஆன்மா அறிவில்லாத சடத்தினைத் தனக்குத் தலைமையாக வைத்து, அதன் ஏவலைத் தான் செய்ததாகக் கூறுதல் முறைபிறழ்ந்ததேயாம். அவனோடு மனைவியும் மக்களும் செல்வாராயின் இம்முறைகேடு பின்னும் கொடிதாகும். அவர்கள் நம்பியது கருவியையன்று; அவனையே.

உடன்செல்வார்க்கும் ஒரு கடமையுண்டு. வண்டியில் ஓட்டுவோன் கண்கள் சாலையிலும் குறிப்பலகையிலும் பிரிந்து நிற்பன. அருகிலிருப்பார்க்கு ஆராய்தற்கு இடமுண்டு. "இப்பாதை சரியாகத் தோன்றவில்லை" என்னும் ஐயம் அவர்க்கு எழுந்தால், சினப்பானோ என்று அஞ்சி அடக்காது அதனைக் கூறுக. ஐயக்காட்சி அளவையாகாது என்பது உண்மையே. ஆயினும் அளவையைத் தேடுதற்கு அதுவே வாயில். கூறப்பட்ட ஐயத்தைக் கேட்டு வண்டியை நிறுத்துதல் ஓட்டுவோனுக்கு இழுக்கன்று.

கருவியை முறையறிந்து கொள்ளும் மக்கட்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கனடாவின் வடகோடியில் இக்லூலிக் என்னும் ஊரினராகிய இனுயிட்டு மக்கள், அடையாளமொன்றுமில்லாத பனிவெளியில் நெடுந்தூரஞ் சென்று வேட்டையாடுவோர். ஓயாது வீசும் மேற்றிசைக் காற்றினால் நாவடிவாக இறுகிய பனித்திட்டுக்கள் எப்பொழுதும் ஒரு திசையையே நோக்கிக் கிடக்கும். அவற்றைக் குறுக்கிட்டுச் செல்லும் கோணத்தைக் கொண்டே அவர்கள் இருளிலும் வழியறிவர். 1990-களின் பிற்பகுதியில் அவர்களிடையே ஜி.பி.எஸ். கருவி பரவிற்று. முதியோர் அதனை வெறுத்தொதுக்கவில்லை. மூடுபனியில் அதன் உதவி பெரிது என்று ஒப்பினர். ஆயினும் கருவி நேர்கோட்டையே காட்டும், இடையிலுள்ள மெல்லிய பனிப்பாளத்தைக் காட்டாது. கடுங்குளிரில் அதன் மின்கலம் அவிந்துபோம். ஆகவே பனியைப் படிக்கக் கல்லாத இளைஞர் கருவி ஒன்றனையே நம்பிச் செல்லுதல் இடருடைத்து என்று கவன்றனர். பனியை அறிந்தவன் கையில் அக்கருவி பேருதவி; அறியாதவன் கையில் அதுவே இடர். கருவி இரண்டிடத்தும் ஒன்றே.

ஆகலின் வெளிநாட்டிற் சாலைவழிச் செல்வார் கொள்ளத்தக்க முறை அரியதொன்றன்று. புறப்படுமுன் நிலப்படம் முழுவதனையும் ஒருமுறை விரித்துநோக்கி, இடைப்படும் பேரூர்கள் இவை, கடக்கும் ஆறும் மலையும் இவை, செல்லும் நேரம் இத்துணை என்று மனத்தகத்து அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். சேருமிடத்தின் பெயரை எழுத்தெண்ணிப் படித்து, நாடும் மாவட்டமும் ஒத்துளவோ எனக் காணுதல் வேண்டும். பெருஞ்சாலையை விட்டு விலகச் சொல்லுமிடத்து, அவ்வூரார் ஒருவரையேனும் அப்பாதை இப்பருவத்திற் செல்லத்தக்கதோ என்று வினவுதல் வேண்டும். மொழி தெரியாவிடின் படத்தைக் காட்டிக் கையாற் குறித்தலும் அமையும். நீரும் உணவும் வேண்டிய அளவினும் மிகுதியாகக் கொண்டு, செல்லும் வழியைப் பின்னுள்ளார் ஒருவர்க்குக் கூறிச்செல்லுதல் வேண்டும். பாதை கெடத் தொடங்கும் முதலிடத்திலேயே, திரும்புதல் எளிதாயிருக்கும்போதே, திரும்புதல் வேண்டும். வந்த தூரத்தை இழத்தல் சிறிய இழப்பு.

முடிவாகக் கூறுமிடத்து, வழிகாட்டுங் கருவியின் சொல் நிற்குமிடத்தைப் பற்றியவளவில் நம்பத்தக்கது. பாதையைப் பற்றியவளவில் ஆராயத்தக்கது. அப்பாதையிற் செல்லலாமோ என்பதுபற்றி அது துணிந்து சொல்லத் தகுதியுடைத்தன்று. அத்துணிவு காண்டலும் கருதலும் உடையானுக்கே உரியது. கருவியின் உரையும் தன் காட்சியும் மாறுபட்டவிடத்து வண்டியை நிறுத்தி, இரண்டில் யாது பிழைத்தது என்று தெளியுங்காறும் மேற்செல்லாதிருத்தலே அவன் கடமை. அந்நிறுத்தத்திற்குச் செலவாகும் காலம் சில நிமிடமேயாம். நெவாடா மலைப்பாதையில் சேறு தொடங்கிய முதல் வளைவில் அச்சில நிமிடம் கிடைத்திருக்குமாயின், அவ்விருவரும் ஒருங்கே தம்மூர் திரும்பியிருப்பர்.